தெரியாமற் செய்தவனும் தெரிந்தே செய்தவனும்

வாசகரே, ஒரு வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பை நீங்களே கூறுங்கள்.

ஒரு வாலிபன் தனிவழியே வருகிறான். மூன்று பாதைகள் சந்திக்கும் ஒடுங்கிய இடமொன்றில் எதிரே ஒரு தேர் வருகிறது. தேரோடு வந்தவர்கள் அவனை வழியிலிருந்து தள்ளுகின்றனர். தேரிலிருந்த முதியவர் தமது கோலால் அவன் தலையில் அடிக்கிறார். அவன் திருப்பி அடிக்கிறான். முதியவர் விழுந்து இறக்கிறார். உடன்வந்தோரும் மாள்கின்றனர், ஒருவன் மாத்திரம் தப்பி ஓடுகிறான். பல ஆண்டுகளின் பின்னர், அம்முதியவரே தன்னைப் பெற்ற தகப்பன் என வாலிபன் அறிகிறான். அதற்கிடையில் அவன் அம்முதியவரின் விதவையை மணந்து நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பனுமாகிவிட்டான். அந்த விதவையோ அவனைப் பெற்ற தாய்.

இவன் பாவியா?

குருமடத்தில் ஒழுக்கவியல் படித்த எவரும் இதற்கு இரண்டு நிமிடத்தில் விடை கூறிவிடுவர். சாவான பாவத்துக்குக் கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம் என்னும் மூன்றும் வேண்டும். இங்கே அறிவு இல்லை. எனவே தகப்பனைக் கொன்ற பாவமும் இல்லை, தாயை மணந்த பாவமும் இல்லை. வழியிலே கோபத்தால் மனிதரைக் கொன்ற குற்றம் இருக்கிறது. அது வேறு கணக்கு. விடை சரியானதே. ஆனால் அந்த விடையைக் கேட்டுவிட்டு அவ்வாலிபன் வீட்டுக்குப் போய் நிம்மதியாய்ச் சோறு உண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை நீங்கள் மதிப்பீர்களா? ஒழுக்கவியல் நூல் முடியும் இடத்தில், கிரேக்க நாடகம் தொடங்குகிறது.

வழக்கு ஈடிப்பஸ் மன்னனுடையது என்பதை அறிந்திருப்பீர்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்த சோபோக்கிளீஸ் அதனை நாடகமாக்கினார். நூற்றிருபதுக்கு மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார் என்பர். முழுமையாக நம் கைக்கு எட்டியவை ஏழே. போட்டியில் 'ஈடிப்பஸ் மன்னன்' அடங்கிய தொகுதிக்கு இரண்டாம் பரிசுதான் கிடைத்ததாம். நடுவர்களின் தீர்ப்பைக் குறைகூறும் கலைஞர்கள் இதனை நினைந்து ஆறுதலடையலாம்.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர் அரிஸ்டோட்டில் தமது 'கவிதையியல்' என்னும் நூலில் அவல நாடகத்தை ஆராய்ந்தபோது இந்நாடகத்தையே திரும்பத் திரும்ப உதாரணம் காட்டினார். அவல நாயகன் குற்றமற்ற உத்தமனாயின் அவனது வீழ்ச்சி நமக்கு அருவருப்பையே தரும். முழுக் கயவனாயின் இரக்கமே வராது. ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்டவனாய், நம்மைப் போன்றவனாய், ஏதோ ஒரு 'ஹமார்த்தியா'வினால் வீழ்பவனாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

இந்த ஹமார்த்தியா என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குவோம். நமது பாடசாலைக் குறிப்புகளில் இதற்குக் 'குணக்குறை' என்று பொருள் எழுதி, கீழே ஓர் அட்டவணையும் போட்டுவிடுவார்கள். மக்பெத்துக்குப் பேராசை, ஒதெல்லோவுக்குப் பொறாமை, ஹம்லெற்றுக்குத் தாமதம், லியருக்கு முன்கோபம், ஈடிப்பசுக்கு ஆணவம். சோதனைக்கு இது போதும். மனிதரை விளங்கிக்கொள்ளப் போதாது. கிரேக்க மொழியில் அச்சொல்லின் அடிப்பொருள் குறிதவறுதல் என்பதே. ஹோமரின் காவியத்தில் எறிந்த ஈட்டி இலக்கைத் தவறவிடுவதற்கும் இதே அடிச்சொல்தான் வருகிறது. எறிந்தவன் தீயவன் என்பதில்லை. அவன் நோக்கியது ஓரிடம், ஈட்டி போய்ச் சேர்ந்தது வேறிடம். தகப்பனைக் கொன்றுவிடக்கூடாது என்று கொரிந்து நகரை விட்டு ஓடிய ஈடிப்பஸ் தகப்பன் வந்த பாதையிலேயே போய்ச் சேர்ந்தான். அவனை வளர்த்த கொரிந்து மன்னனையே அவன் தகப்பன் என நம்பியிருந்தான். (புனித சின்னப்பர் பிற்காலத்தில் நிருபங்கள் எழுதியதும் இதே கொரிந்து நகரத்தாருக்கே.)

நமக்கு இன்னுமொரு வியப்பு உண்டு. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டபோது 'பாவம்' என்பதற்குக் கையாளப்பட்ட சொல்லும் இதே ஹமார்த்தியாதான். அரிஸ்டோட்டிலுக்கும் சுவிசேஷகருக்கும் இடையே நூற்றாண்டுகள் ஓடின. சொல்லின் பாரமும் மாறிற்று. சுவிசேஷப் பொருளை நாடகத்துக்குள் திணிப்பது நேர்மையாகாது. ஆயினும் தவறு எங்கே முடிகிறது, பாவம் எங்கே தொடங்குகிறது என்னும் கேள்வி அந்த ஒரே சொல்லுக்குள்ளேயே கிடப்பதை மறுக்கவியலாது.

சரி, ஈடிப்பசிடம் நாம் காணவேண்டியது என்ன? ஆணவம் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். தீப்ஸ் நகரில் கொள்ளைநோய். முன்னைய மன்னன் லாயசைக் கொன்றவன் நகரில் இருக்கும்வரை நோய் நீங்காதென டெல்பியிலிருந்து வாக்கு வருகிறது. ஈடிப்பஸ் விசாரணையைத் தன் கையில் எடுக்கிறான். கொலைஞனுக்கு எவரும் நிழலும் கொடுக்கக்கூடாது என்று பகிரங்கமாகச் சபிக்கிறான். பின்னர் மூவர் அவனைத் தடுக்கின்றனர். குருட்டுத் தீர்க்கதரிசி தைரேசியஸ், என்னை வீட்டுக்குப் போகவிடு, உனக்கும் நல்லது எனக்கும் நல்லது என்கிறார். மனைவி யொகாஸ்டா, உண்மையை அவனுக்கு முன்பே உணர்ந்துகொண்டு, தேடாதே என்று மன்றாடுகிறாள். இறுதியில் பழைய இடையன், இனிமேல் கேட்கவேண்டாம் என்று கெஞ்சுகிறான். மூன்று வாசல்கள் திறந்திருந்தன. எதனூடாகவும் அவன் வெளியேறியிருக்கலாம். அரசன் அவன், விசாரணையை நிறுத்த ஒரு சொல் போதும்.

அதிகாரத்திலுள்ளோர் விசாரணைக் குழு நியமிப்பதையும், விசாரணை தம் வீட்டு வாசலை நெருங்கும்போது அறிக்கை அலுமாரிக்குள் உறங்கப்போவதையும் நாம் அறியாதவர்களல்லர். தன் வாசலுக்கே வரும் விசாரணையைத் தானே கைபிடித்து உள்ளே அழைத்து வந்த அரசன் ஒருவன் உலக நாடக மேடையில் இருக்கிறான். அவனுடைய பிடிவாதத்தைக் குணக்குறை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவனுக்குக் கோபம் உண்டு. தைரேசியசை ஏசுகிறான், மைத்துனன் கிரேயோனைச் சதிகாரன் என ஆதாரமின்றிக் குற்றஞ்சாட்டுகிறான். அவை அவன் குறைகள்தான். ஆனால் அவனை அழித்தவை அவையல்ல. அவன் சாந்தசொரூபியாய் இருந்திருந்தாலும், உண்மையைத் தேடியிருந்தால் அதே இடத்துக்கே வந்திருப்பான்.

வேதாகமத்தில் தாவீது இராசாவின் முன் நாத்தான் தீர்க்கதரிசி நின்ற காட்சி உங்கள் நினைவுக்கு வரும். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைக் கேட்டுத் தாவீது சினந்து, அவன் சாகவேண்டியவன் எனத் தீர்ப்பிட்டார். அம்மனிதன் தாமே என்பது பின்னர்தான் தெரிந்தது. ஈடிப்பசும் அறியாமலே தன்மேல் தீர்ப்பிட்டான். ஆனால் ஒரு வேறுபாடு பெரிது. உரியாவைச் சாகக்கொடுத்ததைத் தாவீது அறிந்திருந்தார். அதை மறக்கவே முயன்றார். ஈடிப்பசுக்கு மறக்க ஒன்றுமிருக்கவில்லை, அறியவேண்டியதே இருந்தது.

உண்மை வெளிப்பட்டதும் யொகாஸ்டா தூக்கிட்டு மாள்கிறாள். அவளது ஆடையூசிகளை எடுத்து ஈடிப்பஸ் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். எந்தத் தெய்வம் உன்னை இதற்குத் தூண்டியது என்று கேட்கிறார்கள். இத்துன்பங்களைக் கொணர்ந்தவர் அப்பொல்லோவே, ஆனால் கண்ணைக் குத்திய கை என்னுடையது என்னும் பொருள்பட அவன் விடை கூறுகிறான். தான் இட்ட சாபத்தின்படியே தன்னை நாடுகடத்துமாறு கிரேயோனிடம் கேட்கிறான். அரசனுக்கு விலக்குக் கேட்கவில்லை.

இது மிகையல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவே வேண்டும். ஏதென்ஸ் மக்களும் அதனை அறியாதவர்களல்லர். கி.மு. 621 அளவில் திராக்கோன் இயற்றிய சட்டமே வேண்டுமென்று செய்த கொலையையும் எண்ணாமல் நேர்ந்த கொலையையும் வேறுபடுத்தியது; இரண்டையும் விசாரிக்க வெவ்வேறு மன்றங்கள் இருந்தன. எண்ணாமற் கொன்றவனுக்கு மரணமில்லை, நாடுகடத்தலே. ஆனால் சட்டம் வேறு, தீட்டு வேறு. சிந்திய இரத்தம், சிந்தியவனின் எண்ணத்தைக் கேளாமலே நகரைத் தீட்டுப்படுத்தும் என்று அம்மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையை நாம் ஏற்கவேண்டியதில்லை. எனினும், வாகனத்தை ஒழுங்காக ஓட்டிச் சென்றபோது குறுக்கே ஓடிவந்த பிள்ளையொன்று தன் வாகனத்தில் அடிபட்டு இறந்ததால் வாழ்நாள் முழுவதும் நித்திரையிழந்த ஒரு சாரதியிடம், உன்மேல் குற்றமில்லை என்று நீதவான் சொன்னது போதாதா என்று கேட்டுப்பாருங்கள். குற்றமில்லை என்பதை அவர் அறிவார். ஆனால் தம் கைகளால் நடந்தது என்பதையும் அவர் அறிவார். அவ்வறிவை மூடநம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன்.

சோபோக்கிளீசும் இவ்விடயத்தை விட்டுவிடவில்லை. தொண்ணூறு வயதை அண்டிய காலத்தில் அவர் எழுதிய 'கொலோனசில் ஈடிப்பஸ்' என்னும் நாடகம் அவர் இறந்த பின்னர், கி.மு. 401இல், அவருடைய பேரனால் மேடையேற்றப்பட்டது. அதிலே கிழவனாகி, குருடனாகி, மகளின் கையைப் பிடித்து அலையும் ஈடிப்பஸ் தன்னை ஏளனஞ் செய்தோர்முன் வாதாடுகிறான். அறியாமற் செய்தேன், என்னைத் தாக்கியவரையே தாக்கினேன், சட்டத்தின்முன் நான் சுத்தன் என்கிறான். முன்னர் தன்னைத் தண்டித்துக்கொண்டது தவற்றின் அளவை மீறியது என்றும் ஒப்புக்கொள்கிறான். முதல் நாடகத்துக்கு இது மறுப்பு அல்ல. முதலில் எல்லாவற்றையும் சுமந்தவனே பின்னர் எது தன்னுடையது, எது தன்னுடையதல்ல என்று பிரித்துப் பேசும் உரிமையைப் பெறுகிறான். முதல் நாளிலேயே, நான் அறியேன் என்று தோளிலிருந்து தட்டிவிட்டவன் இதே சொற்களைச் சொல்லியிருந்தால் அவை வேறுவிதமாய் ஒலித்திருக்கும்.

இனி ஸ்கொத்லாந்துக்குப் போவோம். சேக்ஸ்பியரின் 'மக்பெத்' 1606ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. (வரலாற்று மக்பெத் 1040இல் டங்கனைப் போர்க்களத்திலேயே வென்று, பதினேழு ஆண்டுகள் ஆண்டவன். மேடை அவனுக்கு இழைத்த அநீதி வேறு கதை.) நாடகத்து மக்பெத்துக்கும் வாக்கு வருகிறது, சூனியக்காரிகள் வாயிலாக. ஈடிப்பஸ் தனக்கு உரைக்கப்பட்டதைக் கேட்டு அதிலிருந்து ஓடினான்; மக்பெத் தனக்கு உரைக்கப்பட்டதை நோக்கி ஓடினான். அருகே நின்ற பாங்கோவும் தன் சந்ததி அரசாளும் என்னும் வாக்கைக் கேட்டான். அவன் கத்தியைத் தேடவில்லை. ஆகவே வாக்கின்மேல் பழிபோட வழியில்லை.

அறியாமை என்னும் போர்வையும் மக்பெத்துக்கு இல்லை. கொலைக்கு முன் தனியே நின்று, டங்கன் என் உறவினர், என் அரசர், என் வீட்டு விருந்தாளி, நல்லவரும்கூட, என்று கொல்லக்கூடாத நியாயங்களையெல்லாம் அவனே அடுக்குகிறான். எந்தக் குருவானவரும் அவனுக்கு அதைவிட நன்றாகப் பிரசங்கித்திருக்க முடியாது. முழு அறிவு, முழுச் சம்மதம். பின்பு கொல்லுகிறான்.

அப்படியானால் அவன்மேல் நமக்கு ஏன் இரக்கம் வருகிறது? அரிஸ்டோட்டிலின் அளவுகோலால் அவன் கயவனல்லவா? விடை கொலை நடந்த இரவிலேயே இருக்கிறது. பக்கத்து அறையில் உறங்கியோர் விழித்துச் செபிக்கின்றனர். அவர்களோடு சேர்ந்து 'ஆமென்' சொல்ல முயல்கிறான், சொல் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. எனக்கே ஆசீர் மிகவும் தேவைப்பட்ட வேளையில் ஏன் என்னால் முடியவில்லை என்று மனைவியிடம் கேட்கிறான். தண்ணீரால் கழுவினால் போகும் என்கிறாள் அவள். பின்னர் உறக்கத்தில் நடந்து கை கழுவிக்கொண்டே இருப்பவளும் அவளே. அந்த 'ஆமென்' சிக்கிய இடத்தில் மக்பெத் இன்னும் மனிதன். பிறகு பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பும்போது மனைவிக்கும் சொல்வதில்லை. மக்டவ்வின் மனைவி மக்களைக் கொல்விக்கும்போது தயக்கமுமில்லை. கடைசியில் மனைவி இறந்தாள் என்னும் செய்தி வரும்போது அழுவதற்கும் அவனிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கண்ணைக் குத்திக்கொண்டவன் ஈடிப்பஸ். பார்வை போனவனோ மக்பெத்.

அவன் என்றாவது, நான் செய்தேன், அது தீது, என்று வாய்விட்டுச் சொன்னதுண்டா? நியாயமாக ஒன்றைக் குறிப்பிடவேண்டும். மக்டவ் வாளோடு எதிரே வரும்போது, உன் வீட்டாரின் இரத்தம் ஏற்கெனவே என் ஆன்மாவில் பாரமாயிருக்கிறது, விலகிப்போ என்கிறான். சுடர் அணையுமுன் ஒருமுறை எழுந்ததுபோல் அது இருக்கிறது. ஆனால் அடுத்த கணமே, மக்டவ் தாயின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவன் என அறிந்ததும், இரட்டை நாக்கோடு பேசி ஏமாற்றிவிட்டனர் என்று சூனியக்காரிகளைச் சபிக்கிறான். எண்ணிப்பாருங்கள்: பழிபோட ஒரு தெய்வமே இருந்தவன் தன் கையைக் காட்டினான். தன் கையைத் தவிர வேறொன்றும் இல்லாதவன் சூனியக்காரிகளைக் காட்டினான்.

இவ்விருவருக்கும் நடுவே ஒதெல்லோ. அவன் அறியாதவனுமல்லன், அறிந்தவனுமல்லன், அறிந்துவிட்டதாக நினைத்தவன். மனைவியின் கற்பைப்பற்றி இயாகோவின் பேச்சையும் ஒரு கைலேஞ்சியையும் சாட்சியாகக் கொண்டு, நீதிபதியும் தானே, தண்டிப்பவனும் தானே என நின்று கொன்றான். டெஸ்டிமோனா தன் தரப்பைச் சொல்ல அவகாசம் கேட்டாள், கொடுக்கவில்லை. இங்கே அறியாமை இருக்கிறது, ஆனால் அது வெல்லக்கூடிய அறியாமை. ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருந்தால் வென்றிருக்கலாம். உண்மை தெரிந்தபின் அவன் ஆற்றும் இறுதி உரையில், அளவுக்குமீறி அன்புசெய்தவன் என்று தன்னை எழுதிவைக்கச் சொல்கிறான். கவிஞர் ரி. எஸ். எலியற் 1927ஆம் ஆண்டின் கட்டுரையொன்றில், ஒதெல்லோ இங்கே தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறான், உள்ளதைப் பார்க்க மறுக்கிறான் என்று எழுதினார். பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அத்தீர்ப்பு சற்றுக் கடுமையாகவே படுகிறது. சாகப்போகிறவன் ஒரு நல்ல வார்த்தையைப் பற்றிக்கொள்வது மனித இயல்பு. ஆனால் கட்டிலில் கிடக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு அவ்வுரையை மீண்டும் கேட்டால், எலியற் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

ஹம்லெற்றைப்பற்றி எழுதத் தொடங்கினால் இப்பத்திரிகையில் வேறொன்றுக்கும் இடமிராது. அவனுடைய சிற்றப்பன் கிளோடியசை மாத்திரம் தொட்டுச் செல்கிறேன். (பம்மல் சம்பந்த முதலியாரின் 'அமலாதித்யன்' இந்நாடகத்தின் தமிழ்த் தழுவலே, 'மக்பெத்'தும் அவர் கையில் 'மகபதி' ஆயிற்று.) அண்ணனைக் கொன்ற கிளோடியஸ் முழந்தாட்படியிட்டுச் செபிக்க முயல்கிறான். மன்னிப்பு வேண்டும், ஆனால் கொலையால் கிடைத்த முடியும் இராணியும் கையிலேயே இருக்கின்றன, அவற்றை விட மனமில்லை. இவற்றை வைத்துக்கொண்டு மன்னிப்புப் பெறலாமா என்று தன்னையே கேட்டு, முடியாதென்று தானே சொல்லிக்கொள்கிறான். பாவசங்கீர்த்தனத்துக்குரிய மனஸ்தாபம், பிரதிக்கினை, பரிகாரம் பற்றி நாம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசத்தில் கற்பிப்பதையெல்லாம் அக்கயவன் நன்றாக அறிந்திருக்கிறான். அறிந்தும் எழுந்து போகிறான்.

மனிதருக்குத் தண்டனையும் தவறும் ஒன்றுக்கொன்று அளவாய் இருக்கவேண்டும் என்னும் ஆசை பெரிது. லியர் மன்னனின் மகள் கோர்டீலியா குற்றமின்றிச் சாவதைப் பொறுக்கமாட்டாமல், நாகும் ரேற் என்பவர் 1681இல் அந்நாடகத்தை மாற்றி அவளை உயிரோடு வைத்து மணமும் முடித்துவைத்தார். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில மேடையில் ஆடப்பட்டது அந்த மாற்றிய நாடகமே. பேரறிஞர் சாமுவேல் ஜோன்சன்கூட மூலத்தின் இறுதிக் காட்சியை மீண்டும் வாசிக்கத் துணியவில்லை, பதிப்பிக்க நேர்ந்தபோதே வாசித்தார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்டபோது அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று நமதாண்டவர் கேட்டாரே, அக்கேள்வியைச் சகிக்கமாட்டாதவர்களே அரங்கிலும் நிறைந்திருந்தனர் போலும்.

அரசர்களை விடுவோம். ஈடிப்பஸ் நாடகத்தில் எனக்கு நெடுநாளாய் மனதை உறுத்துபவன் ஓர் இடையன். குழந்தை ஈடிப்பசின் கால்களைத் துளைத்துக் கட்டி மலையில் எறியும்படி அவன் கையில் கொடுத்தனர். அவனுக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் இல்லாமல் வேறெங்கேனும் பிழைக்கட்டும் என்று கொரிந்து நாட்டு இடையன் ஒருவனிடம் கொடுத்தான். அந்தக் கதை முழுவதிலும் கலப்பற்ற ஒரே நற்செயல் அதுதான். அவ்வளவு அழிவும் அந்த இரக்கத்திலிருந்தே கிளைத்தது.

முச்சந்தியில் தப்பி ஓடியவனும் அவனே. ஒருவன் அல்ல, கொள்ளையர் கூட்டமே கொன்றது என்று ஊரில் வந்து சொன்னான். கொன்றவன் அரியணையில் இருப்பதைக் கண்டதும், அரசியின் கையைப் பிடித்து, நகரம் கண்ணில் படாத மேய்ச்சல் நிலத்துக்கு என்னை அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சி, அங்கே போய் ஆண்டாண்டாக வாய்திறவாமல் இருந்தான். நோய் வந்து நகரம் மாண்டபோதும் வரவில்லை. ஆளனுப்பி இழுத்து வந்து, கைகளை முறுக்கிக் கட்டச் சொன்ன பின்னரே பேசினான். அவன் இரக்கமுள்ளவன், பொய்யன், உயிருக்குப் பயந்த ஏழை. ஈடிப்பஸ் தனக்குரிய தீர்ப்பைத் தானே சொல்லிக்கொண்டு உள்ளே ஓடுகிறான். இடையன் மேடையின் ஓரத்தில் நிற்கிறான். அதன்பிறகு நாடகத்தில் எவரும் அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை.